சட்டைப் பையில் ஓரிதழ் தாமரை

"ஏன்னா, இது என்னன்னு கொஞ்சம் சொல்றேளா?"

ஸ்ரீரங்கன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மனைவியின் உள்ளங்கையில் ஊதா நிறத்தில் என்னமோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"பூ" என்றார்.

"பூன்னு நேக்கும் தெரியறது. உங்க சட்டைப் பையில இதுக்கு என்ன வேலை?"

"எந்தச் சட்டை?"

"நேத்து சாயங்காலம் போட்டுண்டு போனேளே, சந்தனக் கலர். மிஷின்ல போடறதுக்கு முன்னாடி பையைத் துழாவினேன். வந்தது."

"காத்துல பறந்து வந்து விழுந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தாளுக்குள் புகுந்துகொண்டார்.

காற்றில் பறந்து வந்த பூவாம்! சரி, ஒரு தடவை பறந்து வரும். முந்தாநாள் கட்டம் போட்ட சட்டையிலும் இதே பூ, இதே மாதிரி பைக்குள் வந்து படுத்துக்கொண்டிருந்ததே, அதற்கு என்ன சொல்வது? மயிலாப்பூர்க் காற்றுக்கு வேறு வேலையே இல்லையா?

ஜலஜாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. பால் பாக்கெட்டைக் கையில் வைத்து எடை பார்த்துத்தான் வாங்குவாள். கோவிலில் தீர்த்தம் கொடுத்தால்கூட ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் வாயில் விடுவாள். அப்படிப்பட்டவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து கணவரை மட்டும் சந்தேகப்பட்டதில்லை என்றால், அதை நம்பிக்கை என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். சந்தேகப்படும்படி அந்த மனுஷரிடம் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். இன்சூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். குழம்பில் உப்பு இல்லாவிட்டால் மறுநாள்தான் கண்டுபிடிப்பார்.

அவருக்குப் போய்ப் பூவா? அதுவும் இந்த நேரத்திலா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறுபதாம் கல்யாணம். சின்ன மண்டபம் பிடித்தாகிவிட்டது. புனேயிலிருந்து பெண் சாருலதா டிக்கெட் போட்டுவிட்டாள். ஊர் கூடிப் பார்க்க, இந்த மனுஷர் கையால் மறுபடியும் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். முதல் தடவை மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்ததெல்லாம் அப்பா. இந்தத் தடவை விசாரிக்க அப்பா இல்லை. ஜலஜாதான் விசாரிக்க வேண்டும்.

பூவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தின் அளவு. வெளிர் ஊதாவில் ஒரே ஒரு இதழ்தான் கீழே நாக்கை நீட்டினாற்போல இருந்தது. மற்ற இதழெல்லாம் இருக்கிற இடமே தெரியவில்லை. சாமிக்கு வைக்கிற பூ இல்லை, தலையில் வைக்கிற பூவும் இல்லை. அதோடு கசங்காமல், சுருங்காமல், கனமான புத்தகத்துக்குள் வைத்துப் பதம் பண்ணினது மாதிரித் தட்டையாக இருந்தது. யாரோ ஆசையாகப் பறித்து, ஆசையாக அழுத்தி, ஆசையாக வைத்த பூ.

வாசல் மணி அடித்தது. இஸ்திரி போடுகிற ஏகாம்பரம், தோளில் துணி மூட்டையோடு நின்றான்.

போன வாரம் ஜலஜா அவனை வாசலில் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள். கரி பறந்து புடவையில் ஓட்டை விழுந்தது, சொன்ன வேளைக்கு வருவதில்லை, தெருமுனையில் ஏ.சி. போட்டு வந்திருக்கிற புதுக் கடைக்காரன் வாசனைப் பை வைத்து மடித்துத் தருகிறான், நீ என்னடா என்றால் புகை நாற்றத்தோடு கொண்டு வருகிறாய், காலர் நிற்பதில்லை, பேன்ட் வீடு மாறிப் போகிறது என்று ஒன்று விடவில்லை. அன்றிலிருந்து ஆள் ரொம்பப் பணிவு.

"இன்னா மாமி, துணியெல்லாம் எப்டி கீது?"

"இருக்கு, இருக்கு. அங்க வை."

"சார் எதுனா சொன்னாரா?"

"சார் என்ன சொல்லணும்?"

"இல்ல மாமி, சும்மா கேட்டேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் படி இறங்கினான்.

ஜலஜா கதவைச் சாத்தவே இல்லை. சார் எதுனா சொன்னாரா! இவன் எதற்கு அதைக் கேட்கிறான்? நாள் முழுக்கத் தெருமுனையில் நிற்கிறவன். யார் எந்தப் பக்கம் போகிறார்கள், யாரோடு போகிறார்கள் எல்லாம் அத்துப்படி. ஆகத் தெருவுக்கே தெரிந்திருக்கிறது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

முதலில் பூ இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். பூ தெரிந்தால் அது எங்கே முளைக்கிறது என்று தெரியும். எங்கே முளைக்கிறது என்று தெரிந்தால் மனுஷர் எங்கே போகிறார் என்று தெரியும். பிறகு யாரைப் பார்க்கப் போகிறார் என்பது தானாக வெளியே வந்துவிடும்.

படம் எடுத்தால் பூவின் பெயரைச் சொல்கிற செயலியொன்றைச் சாருலதா போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். முதல் தடவை அது ஆர்க்கிட் என்றது. இரண்டாவது தடவை பூவை விட்டுவிட்டு அவள் கட்டைவிரலைப் பார்த்து இஞ்சி என்றது. மூன்றாவது தடவை வாயில் நுழையாத ஒரு லத்தீன் பெயரைச் சொல்லி, திறந்த புல்வெளிகளில் தானாக வளரும் காட்டுச் செடி, இந்தியாவைச் சேர்ந்தது என்று போட்டது.

புல்வெளி! மயிலாப்பூரில் ஏது புல்வெளி? குளத்தைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றி ஸ்கூட்டர். தினமும் சாயங்காலம் "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்புகிறாரே, அந்த லைப்ரரியில் புல்லா முளைத்திருக்கிறது?

படத்தைப் பெண்ணுக்கு அனுப்பி யோசனை கேட்கலாம் என்று நினைத்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் விரல் தவறிவிட்டது. தண்ணீர் லாரிச் சண்டை நடந்துகொண்டிருந்த அடுக்ககத்துக் குழுதான் மேலே இருந்தது. படமும் அதன் கீழே அவள் எழுதிய வரியும் அங்கே போய் விழுந்தன: "இந்தப் பூவை ஆம்பளைகளுக்கு யார் குடுப்பா?"

அழிப்பதற்குள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். லாரிச் சண்டை அப்படியே நின்றுபோயிற்று. கீழ் வீட்டு ஜைதூன் பீ மட்டும் எழுதினாள், நிறுத்தினாள், எழுதினாள், நிறுத்தினாள், கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

சற்று நேரத்தில் இரண்டாம் மாடி ஷீலா நேரிலேயே வந்து நின்றாள். சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தாவரவியல் டீச்சர். கையில் பூதக்கண்ணாடி வேறு.

"மாமி, அந்தப் பூ... பாக்கலாமா?"

பூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஓரிதழ் தாமரை மாமி. தாமரைன்னு பேருதான், தாமரைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தொட்டியில யாரும் வளக்க மாட்டாங்க. மணல் கலந்த வெட்டவெளியில, புல்லுக்குள்ள இருக்கும். குனிஞ்சு தேடினாத்தான் கண்ணுல படும்."

"அப்போ யாரோ குனிஞ்சு தேடிப் பறிச்சிருக்கா."

"ஆமா" என்றாள் ஷீலா. குரல் இறங்கிவிட்டது. "இங்க பக்கத்துல எங்கயும் இல்ல. அடையாறு ஆத்தோரம் ஒரு காலி மைதானம் இருக்கு, அங்க வேணா இருக்கலாம். மாமி... சார் சாயந்தரம் எந்தப் பக்கம் போறாரு? தனியாத்தான் போறாரா?"

ஜலஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். என் கணவர் தனியாகப் போனால் இவளுக்கென்ன, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு போனால் இவளுக்கென்ன? முகம் ஏன் வெளுக்கிறது? எந்த மைதானத்தில் எந்தப் பூ இருக்கிறது என்று இவளுக்கு எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும்? டீச்சர் என்றால் பூவைப் பதம் பண்ணவும் தெரியும். பெருமாளே! அதற்கு மேல், அவள் கட்டியிருந்த புடவை ஊதா.

"லைப்ரரிக்குப் போறார்" என்றாள் ஜலஜா, கதவைப் பாதி சாத்திக்கொண்டே.

மறுநாள் காலை மாடவீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். டீச்சர் வார்த்தையை எப்படி நம்புவது? இன்னொரு வாய் கேட்க வேண்டும். கடைக்காரர் பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஓரிதழ் தாமரை. மாமாவுக்கா?"

"மாமாவுக்குத்தான்னு வெச்சுக்கோங்கோ. எதுக்கு இது?"

"வயசு எத்தினி ஆவுது அவருக்கு?"

"அடுத்த வாரம் அறுபதாங் கல்யாணம்."

"அப்ப சரிதான்" என்றார் அவர், ரொம்ப அனுதாபத்தோடு. "கூச்சப்படாதீங்க மாமி. காலையில பால்ல ஒரு ஸ்பூன் பொடி. ஆம்பளைங்களுக்கு அந்தக் காலத்துலேர்ந்து குடுக்கறதுதான். மாமாவுக்கு இருவது வயசு கொறைஞ்சுடும், நீங்களே பாருங்க."

ஜலஜாவுக்குக் காது வரை சூடேறியது. பின்னால் வசம்பு வாங்க நின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் வசம்பை மறந்துவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"இந்த வாரம் என்னமோ தெரியல, இதையே கேட்டு வராங்க" என்றார் கடைக்காரர், பொட்டலம் கட்டிக்கொண்டே. "நேத்து ஒரு பாயம்மா வந்தாங்க. முழு விஷயத்தையும் கேட்டுட்டு அழுதுகிட்டே போனாங்க."

பாயம்மா அழுதால் அழட்டும். ஜலஜாவுக்கு அவள் கவலையே தலைக்கு மேல் இருந்தது. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று பொட்டலத்தை வாங்கிக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

அதுதான் வினையாகப் போயிற்று. மூக்குக் கண்ணாடித் துணியைத் தேடி ஸ்ரீரங்கன் அவள் பையைத் திறந்தார். பொட்டலத்தின் மேல் ஒரு குதிரை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்துகொண்டிருந்தது. கீழே, யாருக்கு எதற்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"ஜலஜா... இது..."

"என்ன?"

"ஒண்ணுமில்லே."

அதன் பிறகு மனுஷர் நடவடிக்கையே மாறிவிட்டது. அவள் பால் கொண்டு வந்து வைத்தால் டம்ளரை முகர்ந்து பார்த்தார். அவள் சோபாவில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். "ரூம்ல ஏ.சி. குளிர்றது" என்றார். அறுபதாம் கல்யாணத்தை நினைத்தாலே அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

ஜலஜாவுக்குக் கடைசி நம்பிக்கையும் போயிற்று. கட்டின மனைவி பக்கத்தில் உட்காரக்கூடக் கூசுகிறதா? அந்த அளவுக்கு ஆகிவிட்டதா? சமையலறையில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் வாத்தியாருக்குப் போன் போட்டாள்.

"வாத்தியார் மாமா, ஞாயித்துக்கிழமை முகூர்த்தத்துக்குச் சாமானெல்லாம் இப்போ வாங்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ."

"ஏம்மா? மாமாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நன்னாத்தான் இருக்கு. இருவது வயசு கொறைஞ்சிருக்கு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீரங்கன் தலை வாரிக்கொண்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்."

"போயிட்டு வாங்கோ" என்றாள் ஜலஜா, தேனாக.

வெள்ளிக்கிழமை அந்த லைப்ரரிக்கு விடுமுறை என்பது பக்கத்து இட்லிக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும்.

அவர் தெருமுனை திரும்புவதற்கும் இவள் கீழே இறங்குவதற்கும் சரியாக இருந்தது. ஏகாம்பரத்தின் வண்டியைத் தாண்டும்போது அவன் வேறு கூப்பிட்டான்.

"மாமி, இன்னா இவ்ளோ வேகமா போறீங்கோ? சார் இப்பத்தான் ஆட்டோல போனாரு. ஒயிட் சட்டையில சூப்பரா கீறாரு, இல்ல?"

"உனக்கு எல்லாம் தெரியுமோன்னோ?" என்று நின்றாள் ஜலஜா. "சொல்லு, என்ன நடக்கறது?"

"எனக்கு இன்னா மாமி தெரியும்? சார் மூஞ்சில சந்தோசம் தெரியுதா, அத்த சொல்லுங்க" என்றான் அவன், ஆவலாக.

இவனையெல்லாம் வீட்டு வாசலில் சேர்த்ததே தப்பு என்று திட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள். "அந்த வெள்ளைச் சட்டை போற ஆட்டோ பின்னாடியே போப்பா" என்றாள்.

"கேசா மாமி?" என்றான் ஆட்டோக்காரன்.

"கேஸ்தான். ஓட்டு."

முன்னால் போன ஆட்டோ பாலம் தாண்டி, அடையாறு ஆற்றோரம் ஒரு பெரிய காலி மைதானத்துக்குப் பக்கத்தில் நின்றது. பரந்து கிடந்த புல். நடுவில் இரண்டு எருமைகள். ஷீலா சொன்ன அதே இடம்.

ஸ்ரீரங்கன் இறங்கி, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மைதானத்தின் ஓரமாக நடந்தார். ஜலஜா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். நெருஞ்சி முள் காலில் குத்தியது, வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. எதிரே, புதருக்கு அடியில், ஊதா.

குனிந்தாள். பூவாக இருந்தால் கையோடு பறித்துக்கொண்டு போய் அவர் முகத்திலேயே வீசிவிடுவது என்று நீட்டின கை அப்படியே நின்றது. பூ இல்லை, புடவைத் தலைப்பு. தலைப்புக்கு அந்தப் பக்கம் ஷீலா குந்தி உட்கார்ந்திருந்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் ஜலஜா. "அவர் வர்றதுக்கு முன்னாடியே வந்து காத்துண்டு இருக்கியா?"

"யார் மாமி? நான் எங்க அல்போன்ஸைத் தேடி வந்தேன்!" என்றாள் ஷீலா, கிசுகிசுப்பாக. "அவர் சட்டைப் பையிலயும் அதே பூ! நாலு நாளா நான் தூங்கவே இல்ல. உங்க படத்தைப் பாத்ததும், நீங்கதான் குடுக்கறீங்களோன்னு..."

"நானா?"

"பின்ன, ஆம்பளைகளுக்கு யார் குடுப்பான்னு எழுதியிருந்தீங்களே!"

பக்கத்தில் நின்றிருந்த தண்ணீர் லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். கறுப்பு புர்காவில் ஜைதூன் பீ.

"எங்க வூட்டுக்காரர் சட்டையிலயும் கெடந்துச்சு மாமி, அதான் அவர் பின்னாலயே வந்தேன்" என்று அவள் வெடித்தாள். "மருந்துக் கடையில போய் வெசாரிச்சா, அந்தாளு குதிரைப் படம் போட்ட பொடியைக் கையில குடுக்கறான். அல்லா, நான் எங்க போய்ச் சொல்லுவேன்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பேசிவைத்துக்கொண்டது போல, மைதானத்தின் ஓரத்தைப் பார்த்து நடந்தார்கள். எருமைகள் ஒதுங்கி வழி விட்டன.

அங்கே ஒரு வேப்ப மரத்தடியில் ஸ்ரீரங்கன், அல்போன்ஸ், ஜைதூன் பீயின் கணவரான, திருவல்லிக்கேணியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஷாஹுல் ஹமீது மூவரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மூவர் கையிலும் தாமரை இலைத் துண்டு. அதில் பஜ்ஜி.

ஸ்ரீரங்கன்தான் முதலில் பார்த்தார். வாயிலிருந்த மிளகாய் பஜ்ஜியை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஜலஜா! ரெண்டே ரெண்டுதான்! பகவான் மேல சத்தியம்!"

"அவருக்கு பிரஷர், எனக்குச் சுகர், பாய்க்கு ரெண்டும்" என்று அல்போன்ஸ் குழறினார். "மயிலாப்பூர்ல எந்த மூலையில தின்னாலும் வூட்டுக்கு நியூஸ் வந்துடுது. அதான் இவ்ளோ தூரம்..."

"லைப்ரரின்னேளே!"

"தெனம் லைப்ரரிக்குப் போயிட்டுத்தான்டி வருவேன். வெள்ளிக்கிழமை மட்டும்..."

ஜலஜாவின் மனசிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. பஜ்ஜி! வெறும் பஜ்ஜி! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது, அவ்வளவு ஆறுதல். ஆனால் அவள் ஜலஜா ஆயிற்றே. ஆறுதல் முழுசாக இறங்குவதற்குள் சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

"அது சரி. பூ?"

"என்ன பூ?"

அவள் சுருக்குப் பையிலிருந்து ஒரு பூவை எடுத்தாள். ஷீலா ஜெபப் புத்தகத்தைத் திறந்து ஒன்றை எடுத்தாள். ஜைதூன் பீ போன் உறையைக் கழற்றி ஒன்றை எடுத்தாள். மூன்றும் ஒரே மாதிரி. ஒரே இதழ், ஒரே ஊதா, ஒரே தட்டை.

"இன்னிக்குப் போட்டுண்டு வந்திருக்கிற சட்டையைக் காமிங்கோ" என்று ஜலஜா கணவரின் பைக்குள் கையை விட்டாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியிலிருந்து நான்காவது பூ வந்தது. அல்போன்ஸ் பையில் ஐந்தாவது. ஷாஹுல் ஹமீது தன் பையைத் தானே தடவிப் பார்த்து ஆறாவதை எடுத்து, தேளைப் பிடித்தவர் போலக் கையை உதறினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். ஒரே குரலில் சொன்னதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று.

"மூணு பேருக்கும் ஒரே பூ" என்றாள் ஷீலா, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு. "பறிச்ச விதமும் ஒண்ணுதான். காம்பை ஒரே அளவுக்குக் கிள்ளியிருக்காங்க. ஒரே கை."

"ஒரே பொம்பளை!" என்றாள் ஜைதூன் பீ.

எல்லார் கண்ணும் பஜ்ஜி வண்டியின் பக்கம் திரும்பியது. அங்கே பெரிய மீசை வைத்த ஒருவர் கரண்டியோடு நின்றிருந்தார்.

"என்னைப் பாக்காதீங்க" என்றார் அவர், பயந்துபோய். "நான் சட்டினிதான் வெப்பேன். பூவெல்லாம் வெக்க மாட்டேன்."

திரும்பும்போது பெண்கள் ஒரு ஆட்டோ, ஆண்கள் ஒரு ஆட்டோ. பெண்கள் ஆட்டோவில் விசாரணை பலமாக நடந்தது. மூன்று பேரையும் தெரிந்தவள். மூன்று பேர் சட்டைப் பை வரைக்கும் கை நீட்டுகிற உரிமை உள்ளவள். குனிந்து பூப் பறிக்கிறவள், ஆகையால் முட்டி வலி இல்லாதவள், ஆகையால் வயசு கம்மி. இந்தக் கடைசிக் குறிப்பை ஷீலா சொன்னதும் மூவருக்கும் ரத்தம் கொதித்தது.

அடுக்ககத்து வாசலில் ஆட்டோக்கள் நின்றன. ஆண்கள் மூவரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தார்கள். ஜலஜா முதல் படியில் ஏறி வழியை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் ஆறு பூக்கள்.

"இப்போவே சொல்லிட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை மண்டபம் இருக்கட்டும், சாரு வரட்டும், வாத்தியார் வரட்டும். இந்தப் பூவை யார் வெச்சான்னு தெரியாம நான் மணையில ஏறப் போறதில்லே. ஒரு தடவை ஒண்ணும் தெரியாம கழுத்தை நீட்டினேன். இந்தத் தடவை மாட்டேன்."

"ஜலஜா" என்றார் ஸ்ரீரங்கன், பரிதாபமாக. "நேக்கு உன்னைத் தவிர யாருடி பூ குடுக்கப் போறா? அந்தக் குதிரைப் பொடியைப் பாத்ததுலேர்ந்து நீயே ஏதோ பண்றியோன்னுதான் நான் பயந்துண்டு இருக்கேன்."

"நான் ஏன் வெக்கறேன்?"

"பின்ன யாரு வெப்பா?"

ஜைதூன் பீ மறுபடியும் விசும்ப ஆரம்பித்தாள். ஷீலா ஆறு பூக்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியிலிருந்து, மூன்று வீட்டு மூட்டைகளையும் தோளில் போட்டுக்கொண்டு ஏகாம்பரம் உள்ளே வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். ஜலஜாவின் உள்ளங்கையைப் பார்த்தான். அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா, இப்பவாச்சும் கண்ணுல பட்டுச்சா மாமி! புதுக் கடைக்காரன் வாசனை வெச்சுத் தரான்னு நீங்க சொன்னதுலேர்ந்து, பெரும்பாக்கத்துல எங்க வூட்டாண்ட புல்லுல பூத்துக் கெடக்கறத தெனம் பறிச்சாந்து, பொட்டியால ஒரு தேய் தேச்சு வெச்சுக்கினு கீறேன், ஒரு வூட்லகூட நல்லா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. உங்க ஜாக்கெட்டுல பாக்கெட் இல்லியேன்னுதான் மாமி, சாருங்க சட்டையில வெச்சேன்!"